பதினோரு நாள் கரையில் இருந்தவள்

நைனா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ காலடிப்பேட்டை வீட்டுக்கு வந்தபோது உன் ஒரு கையில் காசிமேட்டில் இறங்கி வாங்கிய வஞ்சிரம், இன்னொரு கையில் பாப்பா, தோளில் மடிக்கணினிப் பை. செருப்பைக் கழற்றிய வேகத்தில் அடுக்களை வாசலுக்கு வந்துவிட்டாய். "அம்மா, உன் தீசிஸ்ல கடைசி அட்டவணை இருக்கே, முறைக்காரங்க பட்டியல், அதையே எங்க ரிப்போர்ட்டுக்கு அடிப்படையா வெச்சுக்கலாம்னு ஆபீஸ்ல ஒத்துக்கிட்டாங்க. நீ ரிட்டயர் ஆகற மாசத்துல உன் ஆராய்ச்சிக்கு மறுபடி உயிர் வருது. என் பரிசுன்னு வெச்சுக்கோ" என்றாய். மூன்றாம் வகுப்பில் ஓவியத்துக்குப் பரிசாக வாங்கிய சோப்பு டப்பாவை நீட்டினாயே, அதே முகம். நான் மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை. "முதல்ல சாப்பிடு" என்றேன். நீ சாப்பிட்டாய், பாப்பா என் புடவைத் தலைப்பை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள், மாலையில் கிளம்பிவிட்டீர்கள். அன்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லாமல் போனதை இப்போது எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை உன் அறிக்கை போகிறது என்றாய். அதற்குள் இதைப் படித்துவிடு.

உனக்கு மட்டும் அனுப்பவில்லை. எங்கள் ஆசிரியர்கள் நடத்தும் மாத இதழுக்கும் ஒரு பிரதி கொடுத்திருக்கிறேன். அம்மா வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொல்கிறாள் என்று உனக்குக் கூச்சமாக இருக்கலாம். நான் செய்த தவறு அச்சில் வந்த தவறு. நூலகங்களில் இருக்கிறது, எடுத்துப் படிக்கிறார்கள், இதோ என் மகனே எடுத்துவிட்டான். அதைச் சமையலறையில் வைத்து உன் காதில் மட்டும் சொல்லித் திருத்திவிட முடியாது. இதுவும் அச்சில் வரட்டும்.

எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய குப்பத்தில் பிறந்தவள் நான் என்பது உனக்குத் தெரியும். என்ன ஆராய்ச்சி செய்தேன் என்பதும் மேலோட்டமாகத் தெரியும். ஆற்றில் வலை கட்டும் இடங்கள் குறைவு, கட்ட வேண்டியவர்கள் அதிகம். அதனால் ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, இன்றைக்கு இந்த இடம் உனக்கு, நாளைக்கு இன்னொருவருக்கு என்று முறை வைத்துக்கொள்வார்கள். முறை தவறியவனுக்குத் தண்டம் உண்டு, நோய்வாய்ப்பட்டவனுக்கு முறை மாற்றிக் கொடுப்பதும் உண்டு. அரசாங்கமும் இல்லாமல் முதலாளியும் இல்லாமல் எளிய மனிதர்கள் ஒரு பொதுச்சொத்தைத் தங்களுக்குள் சண்டையில்லாமல் பங்கிட்டுக்கொள்ள முடியும் என்பதற்கு எங்கள் ஆறே சாட்சி என்று எழுதினேன். அந்தக் காலத்தில் பொருளாதாரத் துறையில் பெரிய மனிதர்கள் எல்லாரும் பொதுவில் கிடப்பது பாழாகும், தனியாருக்குக் கொடு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். குப்பத்துப் பெண் ஒருத்தி எழுந்து இல்லை என்று சொன்னாள். அதில் எனக்குப் பெருமை இருந்தது. இன்றும் இருக்கிறது. அந்தப் பகுதியில் ஒரு வரியைக்கூட நான் மாற்ற மாட்டேன்.

நீ எடுக்கப்போகும் கடைசி அட்டவணைதான் பொய். அது எப்படிப் பொய்யானது என்பதில் உனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. பயப்படாதே, அப்போது உனக்கு ஒன்றரை வயது.

ஆற்றில் வலை கட்டும் ஆண்களைத் தவிர இன்னொரு கூட்டமும் இறங்கும். பெண்கள். வலை கிடையாது, படகு கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் குந்தி, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறாலைப் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட பனையோலையில் முடைந்த பறி என்ற சின்னக் கூடை கழுத்தில் தொங்கும், கை ஓயாதபோது அதன் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். அந்தக் கூட்டத்தை நடத்திப் போகும் முதல் ஆள் உன் தேசம்மா பெரியம்மா, என் அக்கா. எட்டாம் வகுப்புவரை நானும் அவள் பின்னால் இறங்கியிருக்கிறேன். ஒரே வரிசையாக, தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து, நீரோட்டத்துக்கு எதிராகப் போக வேண்டும். பின்னால் வருகிறவள் முன்னால் போகிறவளைத் தாண்டக் கூடாது. பிள்ளைத்தாய்ச்சிக்குக் கரையோரம். நேற்று பறி காலியாகத் திரும்பியவளுக்கு இன்று இறால் அதிகம் அடையும் கண்டல் மரத்தடிப் பள்ளம். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. வரிசையைத் தாண்டினால் அக்கா தண்ணீரை வாரி முகத்தில் அடிப்பாள், தெரிந்துகொண்டேன். அவள் சேற்றில் தடவியதில்தான் நான் கல்லூரிக்குப் போனேன். அவள் விரல் நுனிகளைப் பார்த்திருப்பாய். சிப்பி கிழித்துக் கிழித்து அவற்றில் ரேகையே இருக்காது. ரேஷன் கடை இயந்திரம் அவள் விரலை ஒப்புக்கொள்ளாமல் திருப்பி அனுப்பிய கதையை உன் கல்யாணத்தில் உன்னிடம் சொல்லிச் சிரித்தாளே, அந்த விரல்கள்.

ஆராய்ச்சிக்காக ஊருக்குப் போனபோது கல்லூரியில் பதினோரு நாள்தான் விடுப்புக் கிடைத்தது. உன் அப்பாவுக்குத் திருவொற்றியூர் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, உன்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. தூக்கிக்கொண்டு போய் அக்கா மடியில் போட்டேன். காலையிலிருந்து இருட்டும்வரை கரையில் நின்று, யார் இறங்குகிறார்கள், எந்தக் கருவியோடு, எந்த இடத்தில், யார் முறையில் என்று நோட்டில் குறித்தேன். ஊர்ப் பெரியவர்களை உட்காரவைத்துப் பேச்சு வாங்கினேன். பெண்களைப் பற்றி நானாகத்தான் கேட்டேன். ஊர்ப் பஞ்சாயத்தை நடத்தும் நாட்டார் ஒருவர் வாயில் வெற்றிலையோடு சிரித்தார். "பொம்பளைங்க சும்மா கைய வுட்டுத் தடவினு கெடக்கும். அதுக்கு இன்னா முறை, இன்னா சீட்டு? அத்தப் போயி எழுதினா உன் காலேஜ்ல சிரிக்க மாட்டாங்க?" என்றார். பெண்களிடமும் கேட்டேன். எப்படிக் கேட்டேன் தெரியுமா? "உங்களுக்குன்னு கட்டுப்பாடு எதாச்சும் கீதா?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் கட்டுப்பாடு என்றால் ஆண்கள் கோயில் முன்னால் கூடி வைப்பது. "அதெல்லாம் எங்களுக்கு ஏது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அந்த ஊரிலேயே பிறந்தவள், அந்த வரிசையிலேயே நடந்தவள், அப்படித்தானா கேட்பது?

பதினோரு நாளும் என் நோட்டில் பெண்கள் பக்கம் வெறுமையாக இருந்தது. ஓரத்தில் வரிசையில் சேராத ஒருத்தி, இரண்டு பேர், அவ்வளவுதான். வரிசை இறங்கவே இல்லை. எனக்குள் ஒரு மூலையில் அது உறுத்தியது. ஆனால் எனக்குச் சொல்லிக்கொடுத்த படிப்பு, கண்ணால் கண்டதை எழுது, உன் சின்ன வயது ஞாபகம் சான்றாகாது என்றது. அது வசதியாகவும் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், வெட்கமும் இருந்தது. பல்லில் கூடையைக் கவ்விக்கொண்டு சேற்றில் குந்தியிருப்பவள் என் அக்கா என்று வழிகாட்டிப் பேராசிரியருக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். "பெண்கள் அவ்வப்போது கையால் இறால் பிடிப்பதுண்டு. அதற்கு முறையோ எல்லையோ இல்லை" என்று இரண்டே வாக்கியத்தில் முடித்தேன். கடைசியில் ஓர் அட்டவணை போட்டு, ஆற்றில் உரிமை உள்ளவர்கள் என்று தலைப்பிட்டு, சீட்டுப் போடும் ஆண்களின் குடும்பங்களை மட்டும் வரிசையாக எழுதினேன். பட்டம் கிடைத்தது. புத்தகமாகவும் வந்தது.

நீ பத்தாம் வகுப்பில் இருந்தபோது முகத்துவாரத்தின் தென்கரையில் ஒரு நிறுவனம் மண் கொட்டிப் பாதை போட்டது. அதற்குப் பெயர் மாறி, கைமாறி, இப்போது யாருடையது என்றே எனக்குத் தெரியாது. வேலைக்கு முன்னால் அவர்கள் சார்பில் ஓர் இளைஞன் என்னைப் பார்க்கக் கல்லூரிக்கு வந்தான். உன் இப்போதைய வயதுதான் இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, பணிவான பேச்சு. "மேடம், உங்க புக் ரொம்ப உதவியா இருக்கு. ஆத்துல யாருக்கு உரிமைன்னு இவ்ளோ தெளிவா யாருமே எழுதலை" என்றான். டீ வாங்கிக் கொடுத்தேன். அட்டவணையை நானே நகலெடுத்துக் கொடுத்தேன். யாரும் என்னை ஏமாற்றவில்லை. என் எழுத்து வெளியுலகில் பயன்படுகிறது என்ற சந்தோஷத்தில் அன்றைக்குக் கல்லூரியிலிருந்து வீடுவரை நடந்தே வந்தேன்.

அந்த அட்டவணையை வைத்து அட்டை அச்சடித்தார்கள். கரையை மறித்து வேலி வந்தது, வேலியில் ஒரு கதவு, கதவில் ஒரு காவலாளி. அட்டை இருப்பவர்கள் ஆற்றுக்குப் போகலாம். முதல் நாள் காலையில் அக்காவும் அவள் பின்னால் வரிசையும் போய் நின்றிருக்கிறார்கள். அங்கே நடந்ததை அவள் அப்புறம் ஊரில் பலமுறை நடித்துக் காட்டியிருக்கிறாள், என் காதுக்கும் வந்தது.

"அட்டை கீதா?" என்றானாம் காவலாளி.

"இன்னா அட்டை?"

"ஆத்துக்குப் போற அட்டை. லிஸ்ட்ல பேரு கீறவங்களுக்குக் குடுத்துக்கீறாங்க."

"இறாலுக்கும் குடுத்துக்கீறாங்களா? அதுங்க அட்டை காட்டினு தான் உள்ள வருதுங்களா?"

பெண்கள் சிரித்திருக்கிறார்கள். அவனும் சிரித்திருக்கிறான். கதவை மட்டும் திறக்கவில்லை.

அங்கிருந்து நேராக இரண்டு பஸ் மாறி நம் வீட்டுக்கு வந்தாள். நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். கழுத்திலிருந்த பறியைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். காய்ந்துபோன பறி. அவள் அதை உலர்ந்தபடி சுமந்து வந்து நான் பார்த்ததே இல்லை.

"இன்னாமே, நீ எழுதின புக்கப் பாத்துதான் லிஸ்ட்டு போட்டாங்களாமே. அங்க கீற ஆபீசர் சொல்றாரு. அதுல நான் கீறனா?"

"அது வலை வெச்சிருக்கறவங்களப் பத்தின ஆராய்ச்சிக்கா. சீட்டுப் போடறவங்க மட்டும்..."

"அப்போ நாங்கல்லாம் யாரு? ஆத்துக்குக் குளிக்கப் போனவளுங்களா?"

"நான் பதினோரு நாள் நின்னு பாத்தேன்க்கா. நீங்க யாரும் வரிசையா எறங்கவே இல்லையே. பாக்காதத எப்படி எழுதறது?"

கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் சுவரில் மாட்டியிருந்த உன் குழந்தைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்.

"அந்தப் பதினோரு நாளும் உம்புள்ள யாரு மடியில இருந்தான்?"

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. அவளே சொன்னாள். "மழ அடிச்சி ஓஞ்சி சேறெல்லாம் எடம் மாறிக் கெடந்துது. பள்ளம் எங்க கீது, சிப்பி எங்க கீதுன்னு கால வெச்சிப் பாத்துச் சொல்ல ஆளு வாணாவா? நான் கரையில குந்தினு இருந்தா அவளுங்க எங்கேந்து எறங்குவாளுங்க? தங்கச்சி படிக்க வந்துக்கீறா, புள்ளய வுட்டு வர முடியாது, நீங்க வேற வேல பாருங்கடின்னு சொன்னேன். அத்தினி பேரும் கருவாடு காய வைக்கற கூலிக்குப் போனாளுங்க. உன்னான்ட வந்து ஒருத்தி ஒரு வார்த்த கேட்டாளா?"

பொருளாதாரம் படித்தவன் நீ. உனக்கு விளக்க வேண்டியதில்லை. முறை இல்லாதவர்கள் என்று நான் எழுதிய பெண்கள், முதல் ஆள் இல்லாமல் இறங்கக் கூடாது என்ற தங்கள் முறையை அந்தப் பதினோரு நாளும் என் கண்ணெதிரே கடைப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். வெறுமையாகக் கிடந்த அந்தப் பக்கம்தான் நான் தேடிப் போனதற்குச் சான்று. அதை நான் ஒன்றுமில்லை என்று படித்தேன். என் குழந்தையை ஒருத்தி மடியில் போட்டு ஒரு வரிசையையே கரையில் உட்காரவைத்துவிட்டு, கரையில் இருந்தவர்களுக்கு ஆறு சொந்தமில்லை என்று எழுதினேன். நீ அவள் மடியில் சமத்தாகத் தூங்கினாய். உன் மேல் எந்தத் தப்பும் இல்லை.

அதற்கு அப்புறம் நான் நடந்துகொண்டதுதான் இதைவிடக் கேவலம். அவள் போனதும் உடனே கலெக்டர் அலுவலகத்துக்கு எழுதியிருக்க வேண்டும், பட்டியல் தவறு, எழுதியவள் நானே சொல்கிறேன் என்று. எனக்கு அந்த வருடம் பதவி உயர்வு நேர்காணல். ஆராய்ச்சியின் அடிப்படையே ஆட்டம் காண்கிறது என்று நானே கடிதம் எழுதினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். அடுத்த வருடம் எழுதலாம் என்று தள்ளினேன். கடைசியில் எழுதினேன், ஆங்கிலத்தில், வெளிநாட்டு இதழ் ஒன்றில், பொதுவள ஆய்வுகளில் பெண்கள் விடுபடுவதைப் பற்றி ஒரு கட்டுரை. பாராட்டு வந்தது, கருத்தரங்குக்கு அழைத்தார்கள். அந்தக் கதவில் நின்ற ஒருத்தியும் அதைப் படிக்கவில்லை, அந்தக் காவலாளியும் படிக்கவில்லை. மன்னிப்புக் கேட்டதிலும் ஆதாயம் பார்த்தவள் நான். பெரியம்மா ஏன் பொங்கலுக்கு வருவதில்லை என்று நீ கேட்டபோதெல்லாம் அவளுக்குக் கால் வலி என்று பொய் சொன்னேன். உன் கல்யாணத்துக்குத்தான் மறுபடி நம் வாசலை மிதித்தாள். எனக்காக வரவில்லை. மடியில் வைத்திருந்த பிள்ளைக்காக வந்தாள்.

இப்போது உன் அறிக்கைக்கு வருகிறேன். தென்கரைக் கதவு மூடியபின் அந்தப் பெண்கள் சுற்றிக்கொண்டு வள்ளூர்ப் பக்கம் நடந்துபோய் வடகரையில் இறங்குகிறார்கள். அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்குக் கீழே, சாம்பல் படிந்த தண்ணீரில். அவர்களுக்கு மிச்சமிருப்பது அந்த ஒரு கரைதான். ஆற்றில் யாருக்கு உரிமை என்று உன் அலுவலகம் அறிக்கை கொடுக்கப்போவது அந்தக் கரைக்கு வரப்போகும் வேலிக்கு. என் அட்டவணையைப் போட்டாயானால் அங்கேயும் கதவு, அங்கேயும் அட்டை. அதற்கு அப்புறம் அவர்கள் இறங்க வேறு கரை இல்லை. ஒரு தாள், அதில் சில பெயர்கள், கீழே ஒரு முனைவர் பட்டம். புல்டோசரைக் கண்டால் மறிக்கவாவது ஆள் வருவார்கள், நைனா. பட்டியல் வருவது யாருக்கும் கேட்பதில்லை. யார் விதியை எழுதுகிறார்கள் என்று பார், பிறகு விதி நல்லதா என்று கேள் என வகுப்பில் வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு மாதச் சம்பளம் வாங்கினேன். எழுதியவள் நானே என்பதை மட்டும் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை.

உன் நிலைமை எனக்குத் தெரியாமல் இல்லை. வீட்டுக்கடன் இருக்கிறது, பாப்பா இருக்கிறாள், வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு வா என்று சொல்ல எனக்கு அருகதை கிடையாது, பதவி உயர்வுக்காக வாயை மூடிக்கொண்டவள் நான். நான் கேட்பது உன் வேலையைச் செய் என்பதுதான். அட்டவணையைப் போடு, அதற்குக் கீழே இந்த அட்டவணை தவறு, எழுதியவரே ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று எழுதி இந்தக் கடிதத்தைப் பின்னால் இணை. வடகரையில் யார் இறங்குகிறார்கள் என்று யாரும் இதுவரை போய்ப் பார்க்கவில்லை என்று எழுது. அவகாசம் கேள். மறுத்தால், மறுத்தார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கு. உன் மேலதிகாரி முகம் சுளிப்பார். வேறு ஆளை வைத்து எழுதிக்கொள்ளவும் கூடும். அப்போது என் பெயரைச் சொல்லி எங்கே வேண்டுமானாலும் கூப்பிடு, வந்து நிற்கிறேன். இதனால் உனக்கு ஏதாவது ஆனால் அம்மா காப்பாற்றிவிடுவாள் என்று சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன். காலடிப்பேட்டை வீட்டில் ஓர் அறை சும்மாதான் கிடக்கிறது, அதை மட்டும் சொல்ல முடியும்.

இதை எழுதுவதற்கு முன்னால், நேற்றுக் காலையில் குப்பத்துக்குப் போனேன். அக்கா வாசலில் உட்கார்ந்து பறிக்கு ஓலை மாற்றிக்கொண்டிருந்தாள். நீ கொண்டுவந்த செய்தியைச் சொன்னேன். நான் இத்தனை வருடம் வாய் திறக்காமல் இருந்ததற்கும் காரணம் சொன்னேன், பதவி உயர்வைப் பற்றி, எல்லாம். கேட்டுவிட்டு, "தெரியும்" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. நோட்டை எடுத்து, வரிசையில் இறங்குகிறவர்கள் பெயரைச் சொல், எழுதிக்கொள்கிறேன், பையனிடம் கொடுக்கலாம் என்றேன். அவள் கை நின்றது.

"மறுபடியும் லிஸ்ட்டா?" என்றாள். "இன்னிக்கு நான் பத்து பேரு சொல்றேன். மருமவ வந்தா நாளிக்கு ஒருத்தி கூட வருவா. மழ அடிச்சா ரெண்டு பேரு நிப்பா. அப்போ புதுசா வர்றவளுக்கு எவன் அட்டை குடுப்பான்? பேர எழுதாத. எப்டி எறங்கறோம்னு எழுது."

முப்பது வருடமாகப் பொருளாதாரம் நடத்துகிறவள் அந்த வாசலில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெயரை எழுதினால் வேலிக்குக் கதவு வைக்கலாம். இறங்கும் விதத்தை எழுதினால் அங்கே வேலியே வைக்க முடியாது, ஏனென்றால் சேறு எங்கே நகர்கிறதோ அங்கே வரிசை நகரும். இதை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை, எழுதவுமில்லை. நீ எழுது.

"அவனே வந்து பாக்கட்டும்க்கா" என்றேன்.

"யாரு, லாப்டாப்பத் தூக்கினு சேத்துல எறங்குவானா அவன்? பேன்ட்ட மடிச்சி வுடத் தெரியுமா அவனுக்கு?" என்று சிரித்தாள். வெகு நாளைக்கு அப்புறம் என் முன்னால் சிரித்தாள். "வரச் சொல்லு. தண்ணி வத்தற நேரமா வரச் சொல்லு. பாப்பாவையும் தூக்கினு வரச் சொல்லு, பாத்து எம்மா நாளாச்சி."

சரி என்று எழுந்தேன். தெருமுனைவரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டாள். ஓலையைக் கீழே வைத்திருந்தாள்.

"இந்த வாட்டி பாப்பாவ நீ வெச்சிக்கோ. நீ கரையில குந்து. நான் எறங்கணும்."

வியாழக்கிழமை காலை ஏழு மணி வாக்கில் தண்ணீர் வற்றுமாம். பாப்பாவுக்குத் தொப்பியும் ஒரு மாற்றுச் சட்டையும் எடுத்து வா. நான் ஆறரைக்கே வடகரையில் உட்கார்ந்திருப்பேன்.

அம்மா